கையெழுத்தில்லாத மறுப்பு



கனடாவில் படிப்பது பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். எப்படிப் போவது என்று சொல்லித்தர இந்த ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடிக்கு மாடி போர்டு தொங்குகிறது. நான் பேச வந்திருப்பது போக முடியாமல் நின்றவர்களைப் பற்றி. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் ஸ்டடி பர்மிட்டுக்கு விண்ணப்பித்துவிட்டு, 'உண்டு' என்றும் இல்லாமல் 'இல்லை' என்றும் இல்லாமல் மாதக்கணக்கில் காத்துக்கிடந்த பிள்ளைகளைப் பற்றி. 'கொரோனாதான் போய்விட்டதே, இப்போது எதற்கு அந்தப் பேச்சு?' என்று கேட்பீர்கள். கொரோனா போய்விட்டது, சரி. ஒரு பிள்ளையின் விண்ணப்பம் ஓர் அலுவலகத்தில் கிடக்கும்போது அந்தத் தாமதத்தின் செலவு யார் தலையில் விழுகிறது என்ற கேள்வி போகவில்லை. அந்தக் கேள்விக்கு அந்த இரண்டு ஆண்டுகளில் கிடைத்த பதில் அப்பட்டமானது.

முதலில் ஒரு தேதி. 2020 மார்ச் 18. அன்றுதான் கனடா வெளிநாட்டவருக்கு எல்லையை மூடியது. ஒரு வாரம் கழித்து விலக்கு ஒன்று வந்தது: மார்ச் 18 அன்றோ அதற்கு முன்போ ஸ்டடி பர்மிட் அனுமதி பெற்றவர்கள் வரலாம். நல்ல விலக்குதான். ஆனால் மார்ச் 17 அன்று அனுமதி வந்த பிள்ளைக்கும் 19 அன்று வந்த பிள்ளைக்கும் என்ன வித்தியாசம்? இருவரும் ஒரே வாரத்தில் விண்ணப்பித்திருக்கலாம், ஒரே கல்லூரியில் ஒரே வகுப்பில் இடம் வாங்கியிருக்கலாம். ஒருவருடைய கோப்பு அதிகாரியின் கைக்கு இரண்டு நாள் முந்திப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

உள்ளே வரலாம் என்று சொல்லப்பட்டவர்களுக்கும் ஒரு சிக்கல் இருந்தது. பயணம் அவசியமானது என்று எல்லையில் காட்ட வேண்டும். வகுப்பு முழுக்க ஆன்லைனில்தான் என்றால், 'வீட்டிலிருந்தே படிக்கலாமே, எதற்கு வந்தாய்?' என்று அதிகாரி கேட்கலாம். கல்லூரி வகுப்பை ஆன்லைனுக்கு மாற்றியதே தொற்றுக்குப் பயந்துதான். அந்தத் தொற்றைக் காட்டியே எல்லையும் மூடப்பட்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் பெட்டியோடு நின்றவன் மாணவன். 2020 அக்டோபர் 20 முதல்தான் இது மாறியது. எந்தக் கல்லூரியின் கோவிட் ஏற்பாட்டுத் திட்டத்துக்கு மாகாண அரசு ஒப்புதல் தந்ததோ, அந்தக் கல்லூரியில் சேர்ந்தவர்கள் வரலாம் என்றார்கள். உடனே பிள்ளைகள் மார்க்ஷீட்டை மறந்துவிட்டு, தங்கள் கல்லூரி அந்தப் பட்டியலில் ஏறிவிட்டதா என்று தினமும் பார்க்கத் தொடங்கினார்கள்.

இது ஏற்கனவே அனுமதி பெற்றவர்களின் கதை. அனுமதிக்குக் காத்திருந்தவர்கள் நிலைமை இன்னும் மோசம். கனடாவுக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகள் கைரேகையும் புகைப்படமும் தர வேண்டும். 85 கனடிய டாலர் கட்டணம். அதை வீட்டிலிருந்து தர முடியாது, விசா மையத்துக்கு நேரில் போக வேண்டும். அந்த மையங்கள் மார்ச் கடைசியில் மூடின, மாதக்கணக்கில் திறக்கவில்லை. விண்ணப்பம் கணினியில் போய்விட்டது, பணம் கட்டியாயிற்று, பத்து விரலை வைக்க மட்டும் இடமில்லை. கைரேகை தர அவகாசத்தை நீட்டித்ததாக அரசு அறிவித்தது. அவகாசம் நீண்டது உண்மைதான். கல்லூரி தந்த சேர்க்கைக் கடிதத்தில் வகுப்பு தொடங்கும் தேதி நீளவில்லையே! செப்டம்பர் இன்டேக் என்றால் செப்டம்பர்தான். தள்ளிப்போட வேண்டுமென்றால் ஜனவரி, அதுவும் தவறினால் மே. ஒவ்வொரு முறையும் கல்லூரியிடம் கெஞ்சிப் புதுக் கடிதம் வாங்கி ஏற்ற வேண்டும். மெடிக்கல் பரிசோதனை ஓராண்டுக்குத்தான் செல்லும், ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் இரண்டாண்டுக்கு. கோப்பு ஒரே இடத்தில் கிடக்க, அதைச் சுற்றியிருந்த காகிதங்கள் ஒவ்வொன்றாகக் காலாவதி ஆகிக்கொண்டிருந்தன.

இங்கே பணத்தைப் பற்றிப் பேசாமல் நகர முடியாது. 2018இல் எஸ்டிஎஸ் என்ற விரைவுப் பாதையைக் கனடா கொண்டுவந்தது. முதலில் இந்தியா, சீனா, வியட்நாம், பிலிப்பைன்ஸ். பிறகு இன்னும் சில நாடுகள். இலங்கை அதில் கிடையாது. திருச்சிப் பிள்ளையும் யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் ஒரே படிப்புக்கு ஒரே நாளில் விண்ணப்பித்தாலும் இரண்டு வேறு வரிசைகளில் நின்றார்கள். அந்த விரைவுப் பாதையின் அன்றைய நிபந்தனைகள் என்ன? முதலாண்டுக் கட்டணம் முழுவதும் முன்கூட்டியே கட்டியிருக்க வேண்டும். ஜிஐசி என்ற வைப்புத்தொகையாகக் கனடிய வங்கி ஒன்றில் 10,000 டாலர் போட்டிருக்க வேண்டும். பதிலுக்குப் பெரும்பாலான விண்ணப்பங்களை 20 நாளில் முடிப்போம் என்றார்கள். அதாவது பெற்றோர் பணத்தை முதலில் கட்டிவிட வேண்டும், அரசு வேகத்தைப் பிறகு தரும்.

தொற்று வந்தது, வேகம் போயிற்று. கட்டிய பணம் அங்கேயே இருந்தது. ஒரு டிப்ளமோவுக்கு முதலாண்டுக் கட்டணம் 15,000 டாலர் என்று வையுங்கள்; ஜிஐசியோடு 25,000. அன்றைய மதிப்பில் பதினான்கு லட்சம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக்கடன் என்றால் வங்கி சொத்து ஜாமீன் கேட்கும் என்பது உங்களுக்குத் தெரியும், வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போயிருக்கும். பத்து சதவீத வட்டி என்று கணக்குப் போட்டால் மாதம் பதினொன்றரை ஆயிரம் ரூபாய். படிப்புக் காலத்தில் தவணை கட்ட வேண்டியதில்லை என்பார்கள். கட்ட வேண்டாமே தவிர வட்டி ஏறாமல் இருப்பதில்லை. பையன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, தன் விண்ணப்பத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரே வரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒவ்வொரு மாதமும் அந்த வரிக்குப் பதினொன்றரை ஆயிரம் விலை.

அந்தக் கோடையில் கனடா புதிதாக ஒன்றைச் செய்தது. 2020 ஜூலை 14 அன்று குடிவரவு அமைச்சர் மார்கோ மெண்டிசினோ இரண்டு கட்ட அனுமதியை அறிவித்தார். முதல் கட்டத்தில் சேர்க்கை, பணம், திரும்பி வரும் நோக்கம் இவற்றை மட்டும் பார்த்து 'கொள்கையளவில் அனுமதி' தருவார்கள். கைரேகை, மெடிக்கல், பாதுகாப்புச் சோதனை இரண்டாம் கட்டத்துக்கு. முதல் கட்டம் தாண்டியவர்கள் ஊரிலிருந்தே ஆன்லைனில் படிப்பைத் தொடங்கலாம். அந்தக் காலம் படிப்புக்குப் பிந்தைய ஒர்க் பர்மிட்டுக்கும் கணக்கில் வரும். தொற்றுக்கு முன்பு நாட்டுக்கு வெளியே படித்த காலத்தை இப்படிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இதைப் பெரிய சலுகை என்று பத்திரிகைகள் எழுதின. சலுகைதான், நான் மறுக்கவில்லை. பலருக்கு ஓர் ஆண்டு மிச்சமானது. ஆனால் அறிவிப்பிலேயே ஒரு விஷயம் தெளிவாக இருந்தது: முதல் கட்ட அனுமதி இறுதி அனுமதிக்கு உத்தரவாதம் ஆகாது. அதாவது, கட்டணம் கட்டி ஒரு செமஸ்டரோ இரண்டோ படித்த பிறகு 'கிடையாது' என்று வந்தாலும் வரலாம். கல்லூரிக்குக் கட்டணம் வந்துவிடும், அரசுக்கு அவகாசம் கிடைத்துவிடும். ஆபத்து முழுவதும் ஒருவன் பக்கம். வெளிநாட்டு மாணவர்கள் 2018இல் மட்டும் கனடியப் பொருளாதாரத்துக்கு 2,160 கோடி டாலர் கொண்டுவந்தார்கள், ஏறத்தாழ 1,70,000 வேலைகளைத் தாங்கினார்கள் என்று கனடா அரசே தன் ஆவணத்தில் பெருமையாக எழுதியிருக்கிறது. அந்த வரவு நின்றுவிடக் கூடாது என்ற கவலையும் அந்தச் சலுகையில் கலந்திருந்தது என்று சொன்னால் தப்பில்லை.

ஆன்லைன் படிப்பு எப்படி இருந்தது? எனக்குத் தெரிந்த ஒரு பெண், ஒன்டாரியோ கல்லூரி ஒன்றில் சேர்ந்தவள். அங்கே பிற்பகல் இரண்டு மணி லேப் என்றால் கோடைக்காலத்தில் நமக்கு இரவு பதினொன்றரை. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியதும் நமக்குப் பன்னிரண்டரை. வகுப்பு முடிந்து படுக்கும்போது பால்காரர் வருவார். க்ரூப் ப்ராஜெக்டுக்கு அங்கே பிராம்ப்டன் நகரில் இருந்த பிள்ளைகள் தங்கள் ஊர் நேரப்படி இரவு எட்டு மணிக்குக் கூடுவார்கள், அது இவளுக்கு விடியற்காலை. கரண்ட் போனால் மொபைல் டேட்டா, அது தீர்ந்தால் பக்கத்து வீட்டு வைஃபை. இத்தனைக்கும் கட்டணம் அங்கே வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு என்னவோ அதேதான். பிரிட்டிஷ் கொலம்பியாவில் சேர்ந்தவர்கள் கதையை நான் சொல்லவே வேண்டாம். அங்கே மதியம் இரண்டு என்றால் இங்கே அதிகாலை இரண்டரை.

மற்ற நாடுகள் என்ன செய்தன என்று ஒரு வரியில் பார்த்துவிடலாம். 2020 ஜூலை 6 அன்று அமெரிக்கா, முழுக்க ஆன்லைனில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள் நாட்டில் இருக்கக் கூடாது என்றது. ஹார்வர்டும் எம்ஐடியும் வழக்குப் போட்டன, எட்டே நாளில் அரசு பின்வாங்கியது. ஆஸ்திரேலியா 2020 மார்ச் 20 அன்று மூடிய கதவை மாணவர்களுக்கு 2021 டிசம்பர் 15 அன்றுதான் திறந்தது. சீனாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த இந்தியப் பிள்ளைகள் 2022 ஆகஸ்ட் வரை காத்திருந்தார்கள். அவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. கனடா இவர்கள் எல்லோரையும்விடத் தாராளமாக நடந்துகொண்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தாராளமான நாட்டிலேயே இப்படி என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு 2021 ஏப்ரல் வந்தது. டெல்லி மருத்துவமனைகளில் ஆக்சிஜன் இல்லாமல் மக்கள் தவித்த நாட்கள். ஏப்ரல் 22 அன்று கனடா இந்தியாவிலிருந்து வரும் நேரடிப் பயணிகள் விமானங்களை முப்பது நாளுக்கு நிறுத்தியது. முப்பது நாள் என்று தொடங்கி செப்டம்பர் 26 வரை நீட்டிக்கொண்டே போனது. சுற்றி வரலாம், தடையில்லை. ஆனால் கனடாவுக்குப் புறப்படுமுன் பிசிஆர் பரிசோதனையை இந்தியாவில் அல்லாமல் மூன்றாவது நாடு ஒன்றில் எடுத்திருக்க வேண்டும். அந்த மூன்றாவது நாடு எது? பக்கத்தில் இருந்த அமீரகம் அதே வாரம் இந்தியர்களுக்குக் கதவைச் சாத்திவிட்டது. பிள்ளைகள் உலக வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு தேடினார்கள். செர்பியாவுக்கு அப்போது இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. மெக்சிகோவுக்கு, கையில் கனடா விசா இருந்தால் தனி விசா வேண்டாம். மாலத்தீவு, எகிப்து என்று இன்னும் சில வழிகள்.

விழுப்புரத்தைத் தாண்டி அதுவரை தனியாகப் போகாத பையன், ஒன்டாரியோவுக்குப் போக மெக்சிகோ சிட்டியில் இறங்குகிறான். ஸ்பானிஷ் ஒரு வார்த்தை தெரியாது. அங்கே பிசிஆர் எடுத்து, நெகட்டிவ் வந்தால் அடுத்த விமானம். பாசிட்டிவ் வந்தால் குறைந்தது பதினான்கு நாள் அந்த ஊரிலேயே ஹோட்டல் வாடகை. டிக்கெட்டே இரண்டு லட்சத்தைத் தாண்டியது என்று எனக்குத் தெரிந்த குடும்பங்கள் சொன்னார்கள். ஆகஸ்டு தொடக்கம் வரை கனடாவில் இறங்கியதும் மூன்று இரவு வரை அரசு அங்கீகரித்த ஹோட்டலில் சொந்தச் செலவில் தங்கும் கட்டாயம் வேறு. நேரடி விமானம் செப்டம்பர் 27 அன்று மீண்டும் வந்தபோதும் ஒரு நிபந்தனை: டெல்லி விமான நிலையத்தில் உள்ள ஒரே ஓர் ஆய்வுக்கூடத்தில், புறப்படுவதற்கு 18 மணி நேரத்துக்குள் பரிசோதனை. சென்னை, மதுரை, கோவைப் பிள்ளைகளும் டெல்லிக்குப் போய்தான் மூக்கைக் காட்ட வேண்டும். கோவாக்சின் போட்டவர்களுக்கு நவம்பர் 30 வரை அந்தத் தடுப்பூசியே கணக்கில் இல்லை.

இதே நாட்களில் கனடாவுக்கு உள்ளே என்ன நடந்தது தெரியுமா? 2021 மே 6 அன்று, அங்கே படித்து முடித்து வேலையில் இருந்த பட்டதாரிகளுக்கு நிரந்தர வசிப்புரிமைக்கென்று தனித் திட்டம் திறந்தது. 40,000 இடங்கள். ஏறத்தாழ ஒரே நாளில் நிரம்பிவிட்டன. அதற்கு முந்தைய ஆண்டு, அத்தியாவசிய வேலை பார்த்த மாணவர்களுக்கு வாரம் இருபது மணி நேர வேலை வரம்பைத் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள். வருமானம் இழந்தவர்களுக்கான மாதம் 2,000 டாலர் உதவி, முந்தைய வருமானத் தகுதி இருந்தால் வெளிநாட்டு மாணவர்களுக்கும் கிடைத்தது. உள்ளே இருந்தவனைக் கனடா தொழிலாளியாக, நாளைய குடிமகனாகப் பார்த்தது. வெளியே வரிசையில் நின்றவன் வெறும் கோப்பு எண். இரண்டு பேரும் ஒரே கட்டணம் கட்டியவர்கள்தான்.

அதிகாரிகளைக் கரித்துக்கொட்ட நான் இங்கே வரவில்லை. அவர்களும் வீட்டில் அடைந்து கிடந்தவர்கள்தான். பல நாடுகளில் தூதரகங்களே மூடிக்கிடந்தன. 2021 இலையுதிர்காலத்தில் எல்லா வகையும் சேர்த்துத் தீராமல் கிடந்த விண்ணப்பங்கள் 18 லட்சம். அவ்வளவு பெரிய குவியலை யாராலும் ஒரே நாளில் கரைக்க முடியாது. என் புகார் வேறு. தாமதம் தவிர்க்க முடியாதது என்றே வைத்துக்கொள்வோம். அதன் விலையைப் பங்கு போட வழி இருந்ததா, இல்லையா?

எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்றாவது தெரிந்ததா? கனடா குடிவரவுத் துறையின் இணையப் பக்கத்தில் 'இத்தனை வாரம் ஆகும்' என்று ஓர் எண் இருக்கும். அதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? கடந்த சில வாரங்களில் முடித்த விண்ணப்பங்களில் 80 சதவீதம் எவ்வளவு காலத்தில் முடிந்தன என்று பார்த்துப் போடுவது. உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு ஆகும் என்ற வாக்குறுதி அதில் இல்லை. மீதி 20 சதவீதத்தில் இருப்பவனுக்கு அந்த எண்ணால் எந்தப் பயனும் இல்லை. தான் அந்த இருபதில் இருக்கிறோம் என்பதே அவனுக்கு எண் தாண்டிப் போன பிறகுதான் தெரியும்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். விண்ணப்பத்தை மறுப்பதென்றால் ஓர் அதிகாரி முடிவெடுத்தாக வேண்டும், காரணம் சொல்லியாக வேண்டும். 2019 டிசம்பரில், தொற்றுக்குச் சில வாரம் முன்பு, கனடா உச்ச நீதிமன்றம் வாவிலோவ் வழக்கில் அழுத்திச் சொன்னது இதைத்தான்: நிர்வாக முடிவு நியாயமானதாக மட்டும் இருந்தால் போதாது, ஏன் நியாயம் என்று அந்த முடிவே காட்ட வேண்டும். மறுக்கப்பட்ட மாணவன் 60 நாளுக்குள் ஃபெடரல் கோர்ட்டுக்குப் போகலாம். வென்றால் கோப்பு வேறோர் அதிகாரியிடம் திரும்பும். அதற்குள் இன்டேக் போய்விடும் என்பது வேறு விஷயம். ஆனால் பிடித்துக் கேட்க ஒரு காகிதமாவது கையில் இருக்கிறது.

தாமதத்தில் அதுகூட இல்லை. யாரும் கையெழுத்துப் போடவில்லை, யாரும் காரணம் சொல்லவில்லை. செப்டம்பர் கடந்துவிட்டால் மறுத்ததும் ஒன்றுதான், தாமதித்ததும் ஒன்றுதான். சொல்லப்போனால் தாமதம்தான் மோசம். மறுத்திருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்டிருக்கலாம், கோவையிலோ சென்னையிலோ எம்பிஏ சேர்ந்திருக்கலாம். இன்னும் மோசம் ஒன்று உண்டு. துறை இழுத்தடித்து வகுப்பு தொடங்கும் தேதி கடந்துபோக, 'உங்கள் படிப்பின் தொடக்கத் தேதி கடந்துவிட்டது' என்ற காரணத்தையே சொல்லிக் கோப்பைத் தள்ளியதும் நடந்திருக்கிறது.

தாமதத்துக்கு எதிராக ஒரு வழி உண்டு. நம் ஊர் வக்கீல்களும் அதை மேண்டமஸ் என்றுதான் சொல்வார்கள். செய்ய வேண்டிய வேலையைச் செய் என்று அதிகாரிக்கு நீதிமன்றம் கட்டளையிடுவது. எந்தத் தாமதம் நியாயமற்றது என்பதற்கு ஃபெடரல் கோர்ட் கொனில் வழக்கில் வகுத்த மூன்று அளவுகோல்கள் இன்றும் பயன்படுகின்றன. அந்த வேலைக்கு இயல்பாக ஆகும் காலத்தைவிட நீண்டிருக்க வேண்டும். தாமதத்துக்கு விண்ணப்பித்தவர் காரணமாக இருக்கக் கூடாது. துறை ஏற்கத்தக்க விளக்கம் தராதிருக்க வேண்டும். தொற்று வந்ததும் மூன்றாவது அளவுகோலில் துறைக்கு ஒரு விளக்கம் தயாராகக் கிடைத்துவிட்டது.

கோப்பில் என்னதான் நடக்கிறது என்று பார்க்க மாணவர்கள் தேடுவது ஜிசிஎம்எஸ் நோட்ஸ், அதாவது துறையின் கணினியில் அந்தக் கோப்புக்கு உள்ள குறிப்புகள். தகவல் அறியும் சட்டப்படி ஐந்து டாலருக்குக் கிடைக்கும். ஆனால் அந்த ஆண்டுகளில், கேட்கும் வெளிநாட்டவர் கனடாவுக்குள் இருக்க வேண்டும்! வெளியே நின்றவனுக்கு அந்த உரிமை இல்லை; கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் அத்தை மகனோ பெரியப்பா பையனோ அவன் சார்பில் கேட்க வேண்டியிருந்தது. இப்படி வந்த கோரிக்கைகளின் வெள்ளத்தைத் தகவல் ஆணையர் கரோலின் மேனார்ட் ஆராய்ந்து 2021இல் தனி அறிக்கையே வெளியிட்டார். கேட்டவர்களில் பெரும்பாலோருக்கு ரகசியம் எதுவும் வேண்டியிருக்கவில்லை, தன் விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று தெரிந்தால் போதும் என்பதே அதன் சாரம்.

நான் கேட்பது பெரிய புரட்சி எதுவுமில்லை. துறையின் தாமதத்தால் தேதி தவறினால் சேர்க்கைக் கடிதம் தானாகவே அடுத்த இன்டேக்குக்கு நகர வேண்டும். காலாவதியான மெடிக்கலுக்கு மறுபடியும் பணம் வாங்கக் கூடாது. குறிப்பிட்ட தேதிக்குள் முடிவு வராவிட்டால் கட்டிய கட்டணத்தைப் பிடித்தம் இல்லாமல் திருப்பித்தர கல்லூரி கடமைப்பட்டிருக்க வேண்டும். இந்தக் கடைசி ஒன்று மட்டும் இருந்திருந்தால், வேகமாக முடிவெடுக்கச் சொல்லி துறையை நெருக்கும் முதல் ஆள் கல்லூரியாகத்தான் இருந்திருக்கும். அவசரம் மாணவனுக்கு மட்டும் இருந்ததுதான் அந்த ஏற்பாட்டின் அடிப்படைக் கோளாறு. இதற்கிடையில், நான் சொன்ன அந்த எஸ்டிஎஸ் விரைவுப் பாதையையே 2024 நவம்பரில் மூடிவிட்டார்கள். ஜிஐசி தொகை அதே ஆண்டு தொடக்கத்தில் 20,635 டாலராக ஏறியிருந்தது. பூட்டிவைக்கும் பணம் இரண்டு மடங்கானது, விரைவு என்ற பேச்சே போனது.

முன்வரிசையிலிருந்து ஒரு சீட்டு வந்திருக்கிறது. 'எங்கள் ஏஜென்ட் எல்லாம் பார்த்துக்கொள்கிறார், நாங்கள் கவலைப்பட வேண்டுமா?' என்று ஓர் அம்மா கேட்டிருக்கிறார். அம்மா, அவசியம் கேட்க வேண்டிய கேள்வி. பணம் வாங்கிக்கொண்டு கனடா குடிவரவு விஷயத்தில் ஒருவருக்காக விண்ணப்பிக்க அந்த நாட்டுச் சட்டம் வழக்கறிஞர்களையும் உரிமம் பெற்ற ஆலோசகர்களையும் போன்ற சிலரைத்தான் அனுமதிக்கிறது. ஊரில் உள்ள பல ஏஜென்டுகள் கல்லூரியிடம் கமிஷன் வாங்குபவர்கள். அவர்கள் பிள்ளையின் பெயரில் கணக்குத் திறந்து, தங்கள் சொந்த இமெயிலைக் கொடுத்துவிடுவார்கள். துறை 'இந்தக் காகிதத்தை ஏழு நாளில் அனுப்பு' என்று எழுதினால் அது அவருடைய இன்பாக்ஸில் கிடக்கும். நான் முன்பு சொன்ன மூன்று அளவுகோல்களில் இரண்டாவது ஞாபகம் இருக்கிறதா? தாமதத்துக்கு விண்ணப்பித்தவர் காரணமாக இருக்கக் கூடாது. ஏஜென்ட் தூங்கியது உங்கள் பிள்ளையின் கணக்கில்தான் ஏறும். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அந்தக் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்குங்கள், இமெயிலைப் பிள்ளையின் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். எந்தத் தேதியில் என்ன அனுப்பினோம், என்ன கேட்டார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அடுத்த கேள்வி யாருடையது?